99 வருஷம் முடிந்தால் வீடு யாருக்கு?

தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி மலாக்கா, ஜாசின், அலோர் காஜா பட்டணங்களின் மாடி வீடுகளில் குடியேறிவிட்ட நம்மவர்களிடம், "இந்த வீடு யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்களுடையதுதான். பேங்குக் கடனெல்லாம் கட்டி முடிச்சாச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் தவறே இல்லை. பால் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும், இரவு நேர வேலை பார்த்தும் சேர்த்த காசு அது.

ஆனால் அந்த வீட்டின் கிராண்டை எடுத்து, அதில் 'தாரிக் லூப்புட் பஜாக்கான்' என்று மலாய் மொழியில் போட்டிருக்கும் வரியைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? குத்தகை முடியும் தேதி அது. அந்த நாள் வந்தால் வீடும் நிலமும் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போகும். கடன் கட்டி முடித்திருந்தாலும் போகும். மூன்று தலைமுறை குடியிருந்தாலும் போகும். முன்கூட்டியே விண்ணப்பித்து, பணம் கட்டி, காலத்தை நீட்டிக் கொண்டவருக்குத்தான் வீடு தங்கும். இன்றைக்கு நாம் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் இதுதான்.

லயம் போய் மாடி வந்தது

மலாயாவில் ரப்பர் தோட்டத் தொழில் வேர் விட்டதே நம் மலாக்கா மண்ணில்தான். 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற சீன வணிகர் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் நடவு தொடங்கியது. அதன் பிறகு இந்த மாநிலத்தின் காடுகள் பால்மரக் காடுகளாயின. அவற்றைத் திருத்தியவர்கள், நட்டவர்கள், வெட்டியவர்கள் யார் என்பதை நாம் எழுதித்தான் வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டுமென்பதில்லை.

அந்தத் தோட்டங்களில் நமக்குக் கிடைத்த வீடு, வேலையோடு ஒட்டிய வீடு. வேலை இருக்கும் வரை லயம் உண்டு. வேலை போனால் லயமும் போயிற்று. அப்பா ஓய்வு பெற்றால் மகன் பிரட்டுக்கு வர வேண்டும். இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்க வேண்டும். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. பிறகு தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அதே கதை மறுபடியும் நடந்தது.

ஆகவே, "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்ற எண்ணம் நம் ஜனங்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்து போனது. 1982-இல் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று அரசாங்கம் நிர்ணயித்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து 25,000 முதல் 42,000 வெள்ளி வரை என்று அது மாற்றப்பட்டது. சேமநிதிப் பணத்தை எடுத்தும், தாலிச் சங்கிலியை அடகு வைத்தும் அந்த வீடுகளை வாங்கியவர்கள் நம்மவர்கள். லயத்தின் பயம் இனி இல்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

லயத்துக்கு முடிவு வேலையோடு வந்தது. பஜாக்கான் வீட்டுக்கு முடிவு தேதியோடு வருகிறது. துரை ஒரு வார்த்தை சொல்லி வெளியேற்றினார். இங்கே கிராண்டில் அச்சிட்ட ஒரு தேதி அதைச் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தேதியை நாம் முன்கூட்டியே அறிந்து தள்ளிப் போட வழி இருக்கிறது.

மூன்று விதமான காகிதம்

நம் குடும்பங்களிடம் இருக்கும் நிலக் காகிதம் பெரும்பாலும் மூன்று வகைப்படும். எது நம் கையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்து கொள்வோம்.

முதலாவது, டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ். இது சொத்தே அல்ல, வெறும் அனுமதி. ஆண்டு முடிவோடு காலாவதியாகும்; புதுப்பித்தால்தான் உயிர். விற்க முடியாது, பிள்ளைக்கு உரிமையாக எழுதி வைக்கவும் முடியாது. தோட்டத்தின் ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் வீடு கட்டிக் கொண்ட பலரிடம் இருப்பது இதுதான்.

இரண்டாவது, பஜாக்கான் எனும் குத்தகை நிலம். 30, 60, 99 ஆண்டு என்று தவணை போட்டு மாநில அரசு கொடுப்பது. தவணை உள்ளவரை நாம்தான் உரிமையாளர். விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம்; கிராண்டில் கட்டுப்பாடு எழுதியிருந்தால் மட்டும் மாநில அரசின் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது, 'செலாமா-லாமாஞா' என்று குறிக்கப்படும் நிரந்தர உரிமை நிலம். இதற்குக் கெடு கிடையாது. ஆண்டுதோறும் நிலவரியை மட்டும் தவறாமல் கட்டி வர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம். 1966 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. 2020-இல் திருத்தி அச்சிடப்பட்டு 828-ஆவது சட்டம் என்று எண் பெற்றது. அச்சட்டப்படி நிலம் மாநில அரசின் கையில் உள்ள விஷயம். குத்தகையாகக் கொடுப்பதென்றால் 99 ஆண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. தவணை முடிந்தால் நிலம் தானாகவே மாநில அரசுக்குத் திரும்பும். நிலத்தின் மேல் நிற்கும் கட்டடமும் அதோடு போகும். அதற்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. தோட்ட முதலாளியின் குத்தகை நிலத்துக்கும் இதே விதிதான். ஆனால் முதலாளிக்கு வக்கீல் இருக்கிறார், கணக்குப்பிள்ளை இருக்கிறார், தேதியை நினைவூட்ட ஆபீஸ் இருக்கிறது. நமக்கு யார் இருக்கிறார்கள்?

வாங்கிய நாளிலிருந்து அல்ல

"தொண்ணூத்தொன்பது வருஷமா? அதுக்குள்ள நாம எங்கே, நம்ம பேரப் பிள்ளைங்க எங்கே!" என்று சிரித்துக் கொண்டே சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சில் இரண்டு பிசகு உண்டு.

முதல் பிசகு, கணக்கு. 99 வருஷம் நாம் வீடு வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. அந்த நிலத்தை மாநில அரசு வீடமைப்பு நிறுவனத்துக்கோ அரசுக் கழகத்துக்கோ குத்தகையாகப் பதிந்து கொடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. ஓர் உதாரணம் சொல்வோம். நிலம் பதிவானது 1978. வீடு கட்டி நம் கைக்குச் சாவி வந்தது 1986. இடையில் ஒருவர் வாங்கி விற்றிருக்க, நாம் வாங்கியது 2005 என்று வைத்துக் கொள்வோம். குத்தகை 2077-இல் முடியும். 2026-இல் எண்ணிப் பார்த்தால் மீதி 51 ஆண்டு. பாதி ஏற்கெனவே கரைந்து விட்டது. இன்று 30 வயதில் இருக்கும் மகன் 81 வயதுக் கிழவனாக இருக்கும்போது, அவனுடைய வீட்டுக்குக் கெடு வந்து நிற்கும்.

இரண்டாவது பிசகு, 99 வருஷம் முடியாத காலம் என்று நினைப்பது. புக்கிட் லிந்தாங்கில் முதல் ரப்பர் நட்ட 1896-இல் யாருக்காவது 99 ஆண்டுக் காகிதம் கிடைத்திருந்தால், அது 1995-லேயே முடிந்திருக்கும். நம் பாட்டன் பூட்டன் மலாக்காத் தோட்டங்களுக்கு வந்த காலத்திலிருந்து இன்று வரை உள்ள காலம் ஒரு முழுக் குத்தகையை விழுங்கிவிட்டது. ஒரு மனிதனுக்கு 99 நீளம்தான். ஒரு சமூகத்துக்கு அது மூன்று நான்கு தலைமுறை.

கெடு வரும் வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. அதற்கு வெகு முன்பே தொல்லை தொடங்கிவிடும். மீதிக் காலம் குறையக் குறைய, வீட்டை வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பார். அவருக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். கொடுத்தாலும் குறைந்த தொகை, குறைந்த தவணை என்று இழுக்கும். மகள் கல்யாணத்துக்கோ, மகன் படிப்புக்கோ வீட்டை விற்கலாம் என்று நினைக்கும் நாளில்தான் பெரும்பாலோருக்கு இந்த விஷயமே தெரிய வருகிறது.

சிங்கப்பூர் சொல்லும் பாடம்

"அரசாங்கம் அப்படியெல்லாம் ஏழைகளின் வீட்டை எடுத்துக் கொள்ளுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து நாட்டைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் கேலாங் மூன்றாவது லோரோங்கில் 191 வரிசை வீடுகள் இருந்தன. 1958-இல் நடந்த ஒரு கம்பத்துத் தீவிபத்துக்குப் பின்னர் அந்த நிலம் 60 ஆண்டுக் குத்தகையில் கொடுக்கப்பட்டது. 2017-இல் அரசு ஒரு அறிவிப்புக் கொடுத்தது: குத்தகை முடிகிறது, நீட்டிப்பு இல்லை, 2020 டிசம்பர் 31-ஆம் தேதி நிலம் அரசுக்குத் திரும்பும் என்று. அப்படியே திரும்பியது. நஷ்டஈடு கிடையாது. அந்நாட்டில் குடியிருப்பு நிலம் குத்தகை முடிந்து அரசுக்குத் திரும்பியது அதுவே முதல் தடவை.

அதே 2017-இல், 99 ஆண்டுக் குத்தகையில் உள்ள அரசாங்க அடுக்குமாடி வீடுகளும் கெடு முடிந்தால் அரசுக்கே திரும்பும் என்பதை அந்நாட்டு அமைச்சர் வெளிப்படையாக நினைவூட்டினார். பழைய வீடுகளை அதிக விலைக்கு வாங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் திடுக்கிட்டார்கள். சட்டம் புதிதல்ல, தேதியும் புதிதல்ல. ஒருவரும் அதுவரை அதை மனத்தில் போட்டுக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சட்டம் வேறு, அரசு வேறு. இங்கே நீட்டிப்புக்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் குத்தகை என்ற சொல்லின் பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நீட்டுவது எப்படி?

முன்பெல்லாம் குத்தகையை நீட்ட வேண்டுமென்றால் சுற்று வழி. கையில் உள்ள நிலத்தை அரசுக்கு ஒப்படைத்துவிட்டு, அதே நிலத்தைப் புதிய தவணையோடு திரும்பப் பெற வேண்டும். பழைய கிராண்டு ரத்தாகிப் புதிய கிராண்டு வரும். வீடு அடகில் இருந்தால் வங்கியின் சம்மதம், யாராவது தடைப்பத்திரம் போட்டிருந்தால் அவருடைய சம்மதம் என்று இழுத்துக் கொண்டே போகும்.

2016-இல் தேசிய நிலச் சட்டத்தில் திருத்தம் செய்து 90ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி நிலத்தை ஒப்படைக்காமலேயே, தவணை முடியும் முன்பு, பதிவு பெற்ற உரிமையாளர் நீட்டிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். மலாக்கா மாநிலத்தில் இதற்குப் போக வேண்டிய இடம் மாவட்ட நில அலுவலகம். மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் தனித்தனி அலுவலகம் உண்டு. வீடு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும்.

இந்தப் பிரிவில் இரண்டு சொற்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ஒன்று, 'தவணை முடியும் முன்பு'. முடிந்த மறுநாள் போனால் நாம் உரிமையாளர் அல்ல. அரசு நிலத்துக்குப் புதிதாக மனுச் செய்யும் ஒருவர். மற்றொன்று, 'பதிவு பெற்ற உரிமையாளர்'. கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும்.

இங்கேதான் நம் குடும்பங்கள் மாட்டிக் கொள்கின்றன. அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். கிராண்டு இன்னும் அப்பா பெயரில் கிடக்கும். "அண்ணன் தம்பிங்களுக்குள்ள தகராறு இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று விட்டுவிடுகிறோம். பெயர் மாற்றாமல் நீட்டிப்பு நடக்காது. 1955-ஆம் ஆண்டு சிறிய சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களின் வீட்டை நில அலுவலகத்திலேயே விசாரித்துப் பங்கிட்டுப் பெயர் மாற்றித் தருவார்கள். கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, கிராண்டு ஆகியவை வேண்டும். சாட்சி சொல்லப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதை முடித்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

மாடி வீட்டின் தனிச் சிக்கல்

தரை வீடு என்றால் ஒரு குடும்பம், ஒரு நிலம், ஒரு கிராண்டு. உரிமையாளர் தானே விண்ணப்பிக்கலாம். மாடி வீடு அப்படி அல்ல. நூறு குடும்பங்களின் அடியில் இருப்பது ஒரே நிலம், ஒரே தவணை. நான்காம் மாடியில் இருப்பவர் தம் வீட்டின் அடியில் உள்ள நிலத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து நீட்டிக் கொள்ள முடியுமா? ஆகவே அடிப்படையில் இது கூட்டுக் காரியம்.

1985-ஆம் ஆண்டு ஸ்திராத்தா சட்டப்படி ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் தனிக் கிராண்டு கிடைக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டப்படி கட்டடத்தைக் கவனிக்க வீட்டுக்காரர்களின் நிர்வாகக் கழகம் இயங்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தோடு, அதில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு நிதிக்கும் கட்ட வேண்டும். குத்தகை நீட்டிப்பு போன்ற பெரிய காரியத்தை முன்னெடுக்க வேண்டியது அந்தக் கழகம்தான்.

நடைமுறை என்ன? பல மலிவு விலை மாடிகளில் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்கள் ஏராளம். ஆண்டுக் கூட்டம் கூட்டினால் நாற்காலிகள்தான் வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உரிமையாளர் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சில இடங்களில் தனிக் கிராண்டே வராமல், நிலம் முழுவதும் வீடமைப்பு நிறுவனத்தின் பெயரிலேயே கிடக்கும். அந்த நிறுவனம் மூடப்பட்டுப் போயிருந்தால் தலைவலி இன்னும் அதிகம். இந்த நிலையில் உள்ளவர்கள் நீட்டிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன், தனிக் கிராண்டைப் பெறும் வேலையை முடிக்க வேண்டும். நம் பெயரில் காகிதமே இல்லையென்றால் எதை நீட்டுவது?

கூட்டாகக் காரியம் செய்வது நமக்குப் புதிதா? தோட்டத் துண்டாடல் தலைவிரித்தாடிய காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்கள் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பத்துப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் செய்து காட்டிய காரியம் அது. மாடிக் கூட்டத்துக்கு வர நமக்கு நேரமில்லை என்றால், அந்தப் பாட்டிகள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

பணம் எவ்வளவு? எப்போது கட்டுவது?

நீட்டிப்புக்கு மாநில அரசு பிரிமியம் வசூலிக்கும். அதை நிர்ணயிப்பது அந்தந்த மாநிலத்தின் நில விதிகள். சில மாநிலங்களில் வழங்கி வரும் கணக்கு முறை ஒன்றைச் சொல்கிறோம்: நிலத்தின் சந்தை விலையில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, கூட்டிக் கேட்கும் ஆண்டுகளால் பெருக்கி, நூறால் வகுப்பது. நிலத்தின் விலை 60,000 வெள்ளி என்றும், மீதி 51 ஆண்டு என்றும் வைத்துக் கொள்வோம். 99 ஆக்க 48 ஆண்டு கூட்ட வேண்டும். பிரிமியம் 7,200 வெள்ளி. இன்னும் 30 ஆண்டு கழித்துப் போனால் மீதி 21. கூட்ட வேண்டியது 78. நிலத்தின் விலை ஏறாமல் இருந்தால்கூட 11,700 வெள்ளி. விலை இரட்டிப்பானால் 23,400 வெள்ளி. நிலத்தின் விலை ஏறாமல் இருக்குமா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

இது உதாரணக் கணக்குதான். மலாக்காவில் உங்கள் வீட்டுக்கு என்ன விகிதம், என்ன சலுகை என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

உடனே ஓடிப் போய்க் கட்ட வேண்டுமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. மீதி எழுபது எண்பது ஆண்டு உள்ளவர்கள், பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருக்கும் காசை இதில் போட அவசரமில்லை. அவர்கள் இப்போது செய்ய வேண்டியது, தேதியைத் தெரிந்து கொள்வதும் பெயரைச் சரி செய்வதும்தான். மீதி அறுபதுக்குக் கீழே வந்தவர்கள் சேமிக்கத் தொடங்க வேண்டும். மாடி வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும். முப்பதுக்குக் கீழே உள்ளவர்கள் தள்ளிப் போடவே கூடாது.

கருணையா, உரிமையா?

90ஏ பிரிவு விண்ணப்பிக்கும் வழியைத்தான் கொடுக்கிறது. கேட்டால் கிடைத்தே தீரும் என்று அது சொல்லவில்லை. முடிவு மாநில அரசின் கையில். அதாவது, நம் வீட்டின் ஆயுள் ஒரு மனுவின் மேல் நிற்கிறது.

நம் சட்டங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரியான இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கேயும் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் குத்தகைதான். நிலம் தனியார் முதலாளிகள் கையில். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குத்தகைக்காரர் கேட்டால் மேலும் 90 ஆண்டு நீட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உரிமையாக்கியது. ஆனால் மீதிக் காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் விலை ஏறிவிடும் ஏற்பாடும் அதில் இருந்ததால், தெரியாமல் இருந்தவர்கள் பாடுபட்டார்கள். வெகுகாலக் கூச்சலுக்குப் பிறகு, 990 ஆண்டு நீட்டிப்புக்கு வகை செய்யும் சட்டம் 2024-இல் நிறைவேறியது. அங்கே தொகையைப் பற்றிச் சண்டை உண்டு. நீட்டிப்பு உண்டா இல்லையா என்ற சண்டை இல்லை.

நம் நாட்டிலும் வழி காட்டிய மாநிலம் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயா போன்ற பழைய குடியிருப்புகளில் குத்தகை முடியும் காலம் நெருங்கியபோது, பென்ஷன் வாங்கிப் பிழைக்கும் முதியவர்களால் பெரிய தொகை கட்ட முடியவில்லை. 2010-களில் சிலாங்கூர் மாநில அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் 1,000 வெள்ளி மட்டும் கட்டி நீட்டிக் கொள்ளலாம். மீதிப் பிரிமியம் கட்டும் வரை விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனை கிராண்டில் ஏறும். வியாபாரம் செய்ய நினைப்பவர் முழுத் தொகையைக் கட்டட்டும். குடியிருக்க நினைப்பவர் நிம்மதியாக இருக்கட்டும் என்பதே இதன் கருத்து. நியாயமான கருத்துதானே?

ஆகவே மலாக்கா மாநில அரசின் முன் நாம் வைக்கும் கோரிக்கை மூன்று. மலிவு விலை வீட்டில் தாமே குடியிருப்பவர்களுக்குக் குத்தகை நீட்டிப்பு நிச்சயம் உண்டு என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். அவர்களுக்குப் பிரிமியம் பெயரளவுத் தொகையாக இருக்க வேண்டும். தவணை முறையும் வேண்டும். மாடி வீடுகளுக்குக் கட்டடம் கட்டடமாக அதிகாரிகள் நேரில் வந்து, தனிக் கிராண்டு இல்லாதவர்களின் குறையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இது ஒரு இனத்தின் கோரிக்கை அல்ல. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாருக்கும் பொதுவானது. ஆகையால் அண்டை வீட்டு அகமதுவையும் ஆ செங்கையும் சேர்த்துக் கொண்டு கேட்க வேண்டும்.

தரகர்களிடம் ஜாக்கிரதை

ஒரு எச்சரிக்கை. "நில ஆபீசில் நமக்கு ஆள் இருக்கு, ரெண்டாயிரம் கொடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்று வரும் ஆசாமிகளிடம் அசல் கிராண்டைக் கொடுக்காதீர்கள். புரியாத காகிதத்தில், அதிலும் அதிகாரப் பத்திரத்திலும் பெயர் மாற்றுப் பாரத்திலும், கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். நீட்டிப்புக்கு என்று சொல்லி வாங்கும் கையெழுத்து வீட்டையே கொண்டு போய்விடலாம். கட்டணத்தை நில அலுவலகக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள்.

அனுமதி கிடைத்ததும் தொகையையும் கெடுவையும் குறிப்பிட்டு அறிவிப்பு வரும். பழைய தோட்டத்து முகவரிக்குப் போய்க் கிழிந்து கிடந்தால் யாருக்கு நஷ்டம்? இப்போதைய முகவரியை அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். நிலவரி பாக்கியையும் தீர்த்து விடுங்கள். பாக்கி ஏறிக் கொண்டே போனால் நிலத்தையே பறிமுதல் செய்ய சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு 99 வருஷம்கூடத் தேவையில்லை.

வாசகர்களே! இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில், துணிக்கடியில், சாமி படத்துக்குப் பின்னால், எங்கே வைத்திருந்தாலும் அந்தக் கிராண்டை எடுங்கள். பேங்கில் இருந்தால் ஒரு நகல் கேளுங்கள்; அல்லது நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி 'சாரியான் ரஸ்மி' எடுங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, 'செகாத்தான் கெப்பெந்திங்கான்' என்ற இடத்தில் என்ன கட்டுப்பாடு எழுதியிருக்கிறது என்ற மூன்றையும் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் காலண்டரின் பின்னால் எழுதி வையுங்கள். அடுத்த மாடிக் கூட்டத்துக்கு அந்தத் தேதியோடு போங்கள்.

லயத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது நம்மிடம் காகிதம் இல்லை. இன்று காகிதம் இருக்கிறது. அதைப் படிக்காமல் விட்டால் தவறு யாருடையது?